கோல்ஃபில் கூட ஆடுபவர் படுத்தினால்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கோல்ஃபில் பக்கத்தில் அம்பயர் நிற்பதில்லை. நாலு பேர் சேர்ந்து கிளம்பினால் 18 ஹோல் (குழிகள்) முடிய ஏறக்குறைய 4 மணி நேரம். அவ்வளவு நேரமும் உங்களைப் பார்ப்பவர் கூட ஆடுபவர்தான், அவரைப் பார்ப்பவர் நீங்கள்தான். அவர் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்றால் எழுந்து போகவும் முடியாது, கிளப்ஹவுஸ் ஒரு மைல் தள்ளி இருக்கும்.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கோயமுத்தூர் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் ஞாயிறு காலை தனியாகப் போய் நின்றால் உங்களை யாரோடு சேர்த்துவிடுவார்கள்? ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளி, பம்ப் கம்பெனி வைத்திருக்கும் ஒரு பெரியவர், வாளையாறு தாண்டி வந்த ஒரு பாலக்காட்டு டாக்டர். மூவரும் உங்களைவிட வயதில் மூத்தவர்கள், மூவரும் இருபது வருடமாக ஆடுபவர்கள். புதிதாக மட்டை பிடித்தவர் வாயைத் திறக்கத் தயங்குகிறார். விதி தெரியாததால் வரும் தயக்கம் கொஞ்சம்தான். மரியாதைதான் வாயைக் கட்டுகிறது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்பதுதான் கீழே வருவது.

படி 1: எது வலிக்கிறது என்று பிரியுங்கள்

எல்லாவற்றுக்கும் முகம் சுளித்தால் உங்கள் ஆட்டம்தான் கெடும். மூன்று கேள்வி போதும். யாருக்காவது அடிபடுமா? ஸ்கோர் மாறுமா? இரண்டும் இல்லையென்றால், எனக்கு எரிச்சலாக மட்டும் இருக்கிறதா? முதலாவதற்கு உடனே பேச வேண்டும். இரண்டாவதற்கு அந்த ஹோல் முடிந்ததும். மூன்றாவதில் பாதியை விட்டுவிடலாம். ஜோசியம் பேசிக்கொண்டே நடப்பவர், ஒவ்வொரு பட்டுக்கும் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) "ஐயோ" என்பவர், மூன்று தொப்பி மாற்றுபவர், இவர்களெல்லாம் விடவேண்டிய கணக்கு.

விதிப் புத்தகம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் விதிகளைத் திருத்தி எழுதியபோது, முன்பு தனிப் பகுதியாக இருந்த நடத்தை முறைகளை விதி 1.2-க்குள் கொண்டுவந்தார்கள். நேர்மை, அடுத்தவர் மேல் அக்கறை, மைதானத்தைப் பார்த்துக்கொள்வது, மூன்றும் அதில் உண்டு. மிக மோசமாக நடந்தால் போட்டியிலிருந்தே நீக்க கமிட்டிக்கு அதிகாரம் இருக்கிறது. கிளப் தனக்கென்று நடத்தை விதிகள் எழுதி அதற்கு ஸ்ட்ரோக் தண்டனையும் (கணக்கில் கூடுதல் அடி) வைக்கலாம். உங்கள் கிளப்பில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: முதல் டீயிலேயே நிலத்தைப் பதப்படுத்துங்கள்

முதல் அடி அடிக்கும் இடமான டீயில் கை கொடுக்கும்போதே சொல்லுங்கள்: "அண்ணா, நான் புதுசுங்க. ஏதாவது தப்பா நின்னா சொல்லிருங்க. நானும் சந்தேகம் வந்தா கேட்டுக்கறேன்." இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். பிறகு அஞ்சாவது ஹோலில் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், கேட்பதற்கு அனுமதி வாங்கியவராகவே பேசலாம். பாலக்காட்டுக்காரராக இருந்தால் "சேட்டா" என்று ஆரம்பியுங்கள், மற்றதைத் தமிழிலேயே சொல்லலாம். அவர்களுக்கு நம் பேச்சு நன்றாகவே புரியும், வேண்டுமானால் நம்மைவிட வேகமாகத் திருப்பியும் பேசுவார்கள்.

படி 3: ஆபத்து என்றால் மரியாதை பார்க்காதீர்கள்

பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். ஆனால் டிரைவரில் (தூரமாக அடிக்கும் மட்டை) நன்றாகப் பட்டால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். முன்னால் போகும் குழு இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கும்போது அடிப்பவர், புல் வெட்டும் அம்மாக்கள் ஃபேர்வேயில் (நடுவே புல் வெட்டிய பாதை) இருக்கும்போது அடிப்பவர், பந்து பக்கவாட்டில் போனதும் "ஃபோர்" என்று எச்சரித்துக் கத்தாமல் வாய் மூடி நிற்பவர், இவர்களிடம் ஹோல் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கே ஒரு உள்ளூர் விஷயம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று சாதாரணமல்ல. காற்று முதுகில் இருக்கும்போது "அவங்க தூரமாத்தான் இருக்காங்க, என் பந்து அவ்வளவு போகாது" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள், போகும். காற்று எதிரே அடிக்கும்போது கத்தினால் முன்னால் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவும் கேட்காது. எனவே கத்துவதோடு கையையும் தூக்கி ஆட்டுங்கள்.

அவர் பந்துக்கு மேல் நின்றுவிட்டாரா? "நில்லுங்கண்ணா! ஆளு இருக்காங்க!" அவ்வளவுதான், உரக்க. கோபித்தால் கோபிக்கட்டும். அவர் பந்து பக்கவாட்டில் போய் அவர் கத்தவில்லை என்றால் நீங்கள் கத்துங்கள். யார் கத்தினார்கள் என்று பந்துக்குத் தெரியாது.

படி 4: சத்தம், நிழல், செல்போன்

நீங்கள் அடிக்கும் நேரத்தில் பேசுகிறார், பைக்குள் மட்டையை உருட்டுகிறார், செல்போனில் யாருக்கோ ஸ்பீக்கர் போட்டுக் கணக்குச் சொல்கிறார். காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் நிழல் நீளமாக விழும். கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) உங்கள் பட் போகும் பாதையிலேயே அவர் தலை நிழல் ஆடும்.

ஆடி முடித்த பிறகு திட்டுவதில் பயன் இல்லை. ஆடுவதற்கு முன் பந்திலிருந்து பின்வாங்குங்கள். ஒரு வார்த்தை பேசாமல் மட்டையைத் தரையில் ஊன்றி அவரைப் பார்த்து லேசாகச் சிரியுங்கள். பத்தில் ஏழு பேர் அதிலேயே அடங்குவார்கள். மீதிப் பேரிடம், "அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் நின்னுக்கறீங்களா, எனக்குக் கண்ணு அலைபாயுது." குறையை உங்கள் கண் மேல் போட்டுக்கொள்ளுங்கள், அவர் கௌரவமும் தப்பும். இது பொய்யும் இல்லை, புதியவர்களுக்குக் கண் அலையத்தான் செய்யும்.

எங்கே நிற்கச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பந்துக்கு நேர் பின்னால் வேண்டாம், ஹோலுக்கு நேர் பின்னாலும் வேண்டாம். நீங்கள் ஆடும்போது உங்கள் முகத்துக்கு எதிரே, மட்டை எட்டாத தூரத்தில், அசையாமல். அது போதும்.

படி 5: நத்தை வேகம்

விதி 5.6 தன் முறை வந்ததும் 40 வினாடிக்குள் அடிக்கப் பரிந்துரைக்கிறது. தொலைந்த பந்தைத் தேட 2019-க்கு முன் 5 நிமிடம் இருந்தது, இப்போது 3 நிமிடம்தான். பந்து ரஃபுக்குள் (ஓரத்து உயரமான புல்) புகுந்துவிட்டதா, நடக்க ஆரம்பிப்பதற்கு முன்பே "புரொவிஷனல் ஒண்ணு அடிச்சிருங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடுவதற்கான மாற்றுப் பந்து அது. பத்து நிமிடம் மிச்சம்.

ஹோலிலிருந்து தூரத்தில் இருப்பவர்தான் முதலில் என்பது 1744-ல் ஸ்காட்லாந்தின் லீத்தில் எழுதிய முதல் 13 விதிகளிலேயே உண்டு. ஆனால் இன்று ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணுவது) தயாராக இருப்பவர் முதலில் ஆடலாம், தண்டனை இல்லை. அவர் நாலாவது முறையாகக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தால், "நான் ரெடியா இருக்கேன், போயிரட்டுங்களா?" என்று கேட்டு ஆடிவிடுங்கள். மேட்ச் ஆட்டத்தில் (ஹோலுக்கு ஹோல் எதிராளியோடு மோதுவது) மட்டும் அவர் சம்மதிக்காமல் இதைச் செய்யாதீர்கள். அப்படி முறை மாறி ஆடினால் எதிராளி அந்த அடியை ரத்து செய்யலாம்.

கசப்பான ஒன்று: குழு பின்தங்கினால் அதில் புதியவரின் பங்கும் இருக்கும். நட்பு ஆட்டத்தில் பாரின் (அந்த ஹோலுக்கு வகுத்த அடிகள்) இரண்டு மடங்கு ஆனதும் பந்தைக் கையில் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அடுத்தவரை "வேகமா" என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும்.

படி 6: பங்கரும் கிரீனும்

பங்கரில் (மணல் பள்ளம்) மணலைச் சமப்படுத்தாமல் நடப்பவரிடம் பேச்சு வேண்டாம். ரேக்கை எடுத்து நீட்டுங்கள். கிரீனில் அவர் பந்து விழுந்த குழியை நீங்களே சரி செய்யுங்கள், அவர் பார்க்கும்படி. உங்கள் பட் பாதையை மிதித்துவிட்டாரா? 2019 முதல் கிரீனில் ஷூ தடத்தையும் அழுத்திச் சரி செய்துகொள்ளலாம். சண்டை போட வேண்டிய இடம் இல்லை.

படி 7: கேட்காத வாத்தியார்

இவர்தான் எல்லாக் குழுவிலும் இருப்பவர். "தலையத் தூக்காதீங்க தம்பி", "முட்டிய மடக்குங்க", "இந்தக் கிளப்ப எடுக்காதீங்க". நாலு பேர் நாலு விதம் சொல்ல, ஒன்பதாவது ஹோலில் மட்டையை எப்படிப் பிடிப்பது என்பதே உங்களுக்கு மறந்திருக்கும். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், அதனால்தான் நிறுத்துவது கடினம்.

போட்டி ஆட்டம் என்றால் உங்களிடம் அழகான ஒரு வழி இருக்கிறது. விதி 10.2-ன்படி ஆட்டத்தின் நடுவே தன் அணியில் இல்லாத இன்னொரு ஆட்டக்காரருக்கு ஆலோசனை சொன்னால் சொன்னவருக்குத்தான் தண்டனை. ஸ்ட்ரோக் ஆட்டத்தில் 2 ஸ்ட்ரோக், மேட்சில் அந்த ஹோலே போய்விடும். "அண்ணா, சொல்லாதீங்க, உங்களுக்கு ரெண்டு ஸ்ட்ரோக் போயிருமுங்க" என்று அக்கறையாகச் சொல்லிப் பாருங்கள், அடுத்த ஹோலில் மௌனம் நிச்சயம். அதே விதி உங்களையும் கட்டும். உங்கள் பையைத் தூக்கி வரும் கேடியையும் உங்கள் அணிக் கூட்டாளியையும் தவிர யாரிடமும் "எந்தக் கிளப் எடுக்கலாம்" என்று கேட்கக் கூடாது. தூரம் எவ்வளவு, விதி என்ன என்று கேட்பதில் தடையில்லை.

நட்பு ஆட்டத்தில்: "கோச் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாக்கச் சொல்லியிருக்காருங்க. முடிஞ்சதும் காப்பி குடிக்கறப்ப உங்ககிட்ட கேக்கறேன்." பிறகு உண்மையிலேயே கேளுங்கள்.

படி 8: எண்ணிக்கை குறைகிறது

மரத்தடியில் இருந்த பந்து ஷூ பட்டு வெளியே வருகிறது. ஏழு அடித்தவர் "அஞ்சு போடுங்க" என்கிறார். ஒன்றரை அடியில் இருக்கும் பந்தை "இது கொடுத்ததுதான்" என்று எடுத்துக்கொள்கிறார். விட்டுக்கொடுப்பது மேட்ச் ஆட்டத்தில் மட்டும்தான், அதுவும் எதிராளி கொடுக்க வேண்டும். ஸ்ட்ரோக் ஆட்டத்தில் பந்து குழிக்குள் விழ வேண்டும்.

முதலில் இது போட்டியா என்று பாருங்கள். போட்டியும் இல்லை, பந்தயக் காசும் இல்லை என்றால், அவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார், விடுங்கள். அவர் ஆர்டர் உங்கள் பட்டறைக்கு வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் ஆட வந்தீர்கள் என்றாலும் விடுங்கள். இதில் நான் வீராப்பு பேசத் தயாராக இல்லை.

போட்டி என்றால் விட முடியாது, காரணம் உங்கள் கையெழுத்து. ஸ்ட்ரோக் போட்டியில் நீங்கள் அவருக்கு மார்க்கர், அதாவது அவர் ஸ்கோரைக் குறிப்பவர். தப்பு என்று தெரிந்தே கார்டில் கையெழுத்துப் போட்டால் உங்களையும் நீக்குவார்கள். ஒரு விதி பொருந்தும் என்று தெரிந்தும் இருவரும் சேர்ந்து "பாக்காத மாதிரி இருப்போம்" என்று முடிவு செய்தாலும் இருவரும் வெளியே.

செய்ய வேண்டியது: இரண்டாவது ஹோலிலிருந்தே கிரீனை விட்டு நடக்கும்போது அடிகளை வாய்விட்டு எண்ணுங்கள், முதலில் உங்களுடையதை. "எனக்கு டீயில ஒண்ணு, ரஃப்ல ரெண்டு, பங்கர்ல மூணு, நாலு, ரெண்டு பட், மொத்தம் ஆறு. உங்களுக்கு?" இப்படி எண்ணிக் காட்டியவரிடம் வெறும் "அஞ்சு" என்று சொல்வது எவருக்கும் சங்கடம். அப்போதும் சொன்னால், "மரத்துக்குள்ள ஒண்ணு அடிச்சீங்களே, அதச் சேத்திட்டீங்களாண்ணா?" என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். "குறைக்கறீங்க" என்ற சொல் வாயில் வரவே கூடாது. ஒத்துவரவில்லை என்றால் அந்த ஹோலின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன் கமிட்டியிடம் போங்கள். தீர்ப்பு சொல்வது அவர்கள் வேலை.

படி 9: கேடியைத் திட்டுபவர்

பந்து காணாமல் போனால் கேடி மேல் தப்பு, பட் விலகினால் கேடி சொன்ன கோடு தப்பு. வயதில் மூத்த கேடியை ஒருமையில் கூப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சுற்று வட்டார ஊர்களிலிருந்து வரும் ஆட்கள், திருப்பிப் பேசினால் நாளைக்கு வேலை இருக்காது என்று நிற்பார்கள். என் கணக்கில் இது எரிச்சல் பட்டியலில் வராது, ஆபத்துக்குப் பக்கத்தில் வரும்.

கத்தும் மனிதரோடு வாதாடினால் கோபம் மறுபடி கேடி மேல்தான் திரும்பும். பதிலாக நடுவில் போய் நில்லுங்கள். "அந்தப் பந்த நானும் பாக்கலீங்கண்ணா, அவரு என்ன பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டு, கேடியை "அண்ணா" என்று பெயரோடு கூப்பிட்டு, உங்கள் பந்தைத் தேட அழைத்துப் போங்கள். மட்டையை வீசி எறிபவர் என்றால் பத்தடி தள்ளியே நடங்கள், கேடியையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் கிளப் கேப்டனிடம் நீங்களே சொல்லுங்கள். கேடி சொன்னால் எடுபடாது, உறுப்பினரோ விருந்தினரோ சொன்னால் எடுபடும். எந்த ஹோலில், என்ன வார்த்தை, யார் கூட இருந்தார்கள் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். "எப்பவுமே இப்படித்தான்" என்று எழுதாதீர்கள், அன்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

படி 10: அடுத்த ஞாயிறு

பதினெட்டாவது கிரீனில் தொப்பியைக் கழற்றிக் கை கொடுங்கள், அவருக்கும்தான். சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் "நாளைக்கு வர்றீங்களா தம்பி" என்று வந்தால் காரணம் ஜோடிக்காதீர்கள், மாமியார் வீட்டு விசேஷம் எத்தனை வாரம் தாங்கும்? "இந்த வாரம் வேற குழுவுல பேர் கொடுத்துட்டேங்கண்ணா" என்று எழுதுங்கள். அது உண்மையாக இருக்க, வெள்ளிக்கிழமையே வேறு குழுவில் பேர் கொடுத்துவிடுங்கள்.