கேரவன் இழுத்துக்கொண்டு ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்? மெல்பர்ன் – அடிலெய்டு சாலையை வைத்து ஒரு கணக்கு

புதிதாகக் கேரவன் (காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வாங்கிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?" முதல் பயணம் என்றால் 250, மிஞ்சிப்போனால் 300 என்பேன். பலருக்கு நம்பிக்கை வராது. மெல்பர்னிலிருந்து அடிலெய்டு சுமார் 730 கிலோமீட்டர்தானே, வெறும் காரில் விடிகாலை கிளம்பினால் மாலைக்குள் போய்விடுகிறோமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே காரின் பின்னால் இரண்டு டன் கேரவனை மாட்டினால் அது மூன்று நாள் பயணம். உங்கள் வண்டிக்கு உங்கள் கணக்கை எப்படிப் போடுவது என்று அந்தச் சாலையை வைத்தே சொல்கிறேன்.

படி 1: போய்ச் சேரும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எங்கள் முதல் பயணம் ஒரு ஜூன் மாதம். ஒரே நாளில் வழியில் உள்ள பார்டர்டவுன் என்ற ஊர் வரை, அதாவது 460 கிலோமீட்டர், போய்விடலாம் என்று கிளம்பினோம். ஜூன் இங்கே ஆஸ்திரேலியாவில் குளிர்காலம், ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். கேரவன்களை நிறுத்தித் தங்கும் இடமான கேரவன் பார்க்குக்குள் நாங்கள் நுழைந்தபோது கும்மிருட்டு, அலுவலகம் பூட்டியிருந்தது. எங்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு மரங்களுக்கு நடுவில், பின்னோக்கித்தான் செலுத்த வேண்டும். மனைவி கைபேசி வெளிச்சத்தோடு பின்னால் நின்று, "இடது பக்கம் வாங்க... இன்னும் கொஞ்சம்... நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்துகிறாள். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்றே கண்ணாடியில் தெரியவில்லை. யூக்கலிப்டஸ் கிளை ஒன்று கேரவனின் பக்கவாட்டில் உரசும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. கடைசியில் பக்கத்துக் கேரவன்காரப் பெரியவர் ஒருவர் கம்பளிச் சட்டையோடு இறங்கி வந்து, என் ஜன்னல் பக்கம் நின்று வழிகாட்டினார். நிறுத்தி முடிக்க நாற்பது நிமிடம். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் காரிலேயே தூங்கிப்போனார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி: மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கேரவன்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் 'மூன்று மூன்று மூன்று' கணக்கிலும் இது உண்டு. ஒரு நாளைக்கு 300, மூன்று மணிக்குள் சேர்வது, ஒரே இடத்தில் மூன்று இரவு. அமெரிக்காவில் அந்த 300 மைல். இங்கே புதியவர்கள் அதைக் கிலோமீட்டராகவே வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மணிக்குச் சேர்ந்தால் வெளிச்சத்தில் நிறுத்தலாம், அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். கேரவனைக் கழற்றி, மட்டம் பார்த்து, மின்சாரமும் தண்ணீரும் இணைக்கப் புதியவர்களுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்கும் நேரம் இருக்கும். அந்தி நேரத்தில் சாலைக்கு வரும் கங்காருக்களிடமிருந்தும் தப்பிக்கலாம்.

படி 2: தூரத்தை 70-ஆல் வகுங்கள்

கைபேசி வரைபடம் காட்டும் நேரம் வெறும் காருக்கானது. சாலையில் 110 என்று எழுதியிருந்தாலும் கேரவனோடு 90, 95-க்கு மேல் நான் போவதில்லை. ஊர்களுக்குள் நுழைந்து வெளியேறுவது, மேடுகள், முந்திச்செல்பவர்களுக்கு வழிவிடுவது எல்லாம் சேர்த்தால் சராசரி மணிக்கு 70-தான் வரும். மெல்பர்னிலிருந்து ஹார்ஷம் 300 கிலோமீட்டர். 70-ஆல் வகுத்தால் நான்கேகால் மணி நேரம். இரண்டு சிறு ஓய்வுக்கு அரை மணி, சாப்பாட்டுக்கு முக்கால் மணி, டீசல் போட இருபது நிமிடம். மொத்தம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, மூன்று மணிக்குச் சேர ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளை எழுப்பி, ஹிட்ச் (காரையும் கேரவனையும் இணைக்கும் கொக்கி) மாட்டி, விளக்குகளைச் சரிபார்த்து ஒன்பதுக்குக் கிளம்புவதே பெரிய காரியம். 300-க்கு மேல் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இந்தக் கூட்டலிலேயே தெரியும்.

டீசல் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் கேட்கும் எங்கள் வண்டி, கேரவன் மாட்டினால் பதினேழு கேட்கிறது. காற்று எதிரே அடித்தால் இன்னும் கூடும். பாதி டாங்க் இருக்கும்போதே பெரிய ஊரில் நிரப்பிவிடுங்கள். நீளமான வண்டி எளிதாக நுழைந்து வெளியேறும் பங்க்கை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

படி 3: எடையைச் சரிசெய்யாமல் தூரத்தைப் பேசாதீர்கள்

தப்பாகப் பொருள் ஏற்றிய கேரவனுக்கு 50 கிலோமீட்டரே அதிகம். கனமான பொருட்கள் சக்கரங்களுக்கு மேலே, தரையை ஒட்டி இருக்கட்டும். ஹிட்ச்சின் மேல் அமரும் எடை கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் வண்டி அமைதியாக வரும். பின்பக்கம் சைக்கிள்களையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றிவிட்டால் கேரவன் பாம்பு போல நெளிய ஆரம்பிக்கும். ஏற்ற அனுமதித்த அளவு கேரவனின் தகட்டிலேயே பொறித்திருக்கும். பொருட்களை ஏற்றியபின் ஒருமுறை எடைமேடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நாம் நினைப்பதைவிட எப்போதும் கூடத்தான் இருக்கும்.

நெளிய ஆரம்பித்தால் என்ன செய்வது? காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். மின்சார பிரேக் உள்ள கேரவன் என்றால், காருக்குள் இருக்கும் கண்ட்ரோலரில் கையால் இயக்கும் பொத்தான் உண்டு. அதை மெல்ல அழுத்தினால் கேரவனின் பிரேக் மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள்.

படி 4: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, தொட்டுப் பாருங்கள்

கேரவன் ஓட்டுவது வேறு விதமான களைப்பு. கண் ஓயாமல் கண்ணாடிக்குப் போகும். பெரிய லாரி முந்தும்போது முதலில் கேரவனை ஒரு பக்கம் தள்ளும், அப்புறம் தன் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு முறையும் தோள்பட்டை தானாக இறுகும். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போதுதான் கழுத்து வலிப்பதே தெரியும். ஓய்வு என்றால் உட்கார்ந்து காபி குடிப்பது மட்டுமில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடங்கள்.

நாங்கள் நிறுத்தியதும் மனைவி செய்யும் முதல் வேலை, கேரவனின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியருகே புறங்கையைக் கொண்டுபோவது. எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை ஸ்டாவெலில், "இந்த இடது சக்கரம் மட்டும் தோசைக்கல் மாதிரி இருக்கு" என்றாள். அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது பேரிங்கில் கிரீஸ் கறுத்துக் காய்ந்திருந்தது. இன்னும் நூறு கிலோமீட்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அப்புறம் ஹிட்ச், சங்கிலி, விளக்குக் கம்பி, மூடிய ஜன்னல்கள் ஆகியவற்றை ஒரு பார்வை. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

படி 5: வழியை மூன்றாக வெட்டுங்கள்

முதல் நாள் மெல்பர்ன் முதல் ஹார்ஷம். நேராக ஹார்ஷம் வேண்டாம் என்று தோன்றினால் சுமார் 200 கிலோமீட்டரில் அராரட் இருக்கிறது. கேரவனோடு முதல் நாள் என்றால் அதுவே போதும். பல்லாரட் வரை மேடுகள் உண்டு. இடதுபக்கப் பாதையில் லாரிகளோடு நிதானமாக ஏறுங்கள். அராரட் தாண்டினால் பெரும்பாலும் எதிரும் புதிருமாக வண்டி வரும் சாலை. காரும் கேரவனும் சேர்ந்து 7.5 மீட்டரோ அதற்கு மேலோ நீளம் இருந்தால், ஊருக்கு வெளியே முன்னால் போகும் இன்னொரு நீண்ட வாகனத்துக்கு 60 மீட்டர் பின்னால்தான் வர வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கும் லாரிக்கும் நடுவில் கார்கள் புகுந்து முந்த அந்த இடைவெளிதான் உதவும். இந்தச் சாலை மேற்கே போவதால் பிற்பகல் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மூன்று மணி விதிக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள் ஹார்ஷமிலிருந்து டெய்லெம் பெண்ட், சுமார் 330 கிலோமீட்டர். சாலை சமதளம், இருபுறமும் கோதுமை வயல்கள். முதல் நாள் சிரமமில்லாமல் போனவர்களுக்கு மட்டும் இது. மற்றவர்கள் பார்டர்டவுனிலோ கீத்திலோ தங்கிவிடுங்கள். எல்லைக்கு முன் கனிவா என்றொரு ஊர் வரும். பழ ஈ பரவாமல் இருக்கத் தென் ஆஸ்திரேலியாவுக்குள் பெரும்பாலான பழங்களையும் தக்காளி போன்ற காய்களையும் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே கனிவாவில் கனிகளைத் தின்று தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம். எல்லை தாண்டினால் கடிகாரம் அரை மணி பின்னால் போகும். மூன்று மணி இரண்டரை ஆகிவிட்டதே, இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டலாம் என்று ஆசை வரும். உடம்புக்கு அந்த அரை மணி தெரியாது.

மூன்றாம் நாள் வெறும் 100 கிலோமீட்டர், ஆனால் மிகவும் கவனம் தேவைப்படுவது அதில்தான். கிராஃபர்ஸ் தாண்டியதும் அடிலெய்டை நோக்கி நீண்ட, செங்குத்தான இறக்கம். அங்கே லாரிகளுக்கும் பஸ்களுக்கும் வேகம் 60, கீழ் கியர் கட்டாயம். பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகள் ஏறி நிற்க இரண்டு மணல் மேடுகளே கட்டி வைத்திருக்கிறார்கள். கேரவனோடு வரும் நீங்களும் லாரிக்காரர் போலவே செய்யுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். முதல் நாளே இழுத்துப் பிடித்து 600 கிலோமீட்டர் வந்த கண்களோடு, அந்தி நெரிசலில் இந்த இறக்கத்தில் இறங்குவதை யோசித்துப் பாருங்கள்.

படி 6: அன்றைய காற்றைப் பார்த்துத் தூரத்தைக் குறையுங்கள்

திட்டம் போட்ட தூரம் உச்சவரம்பு மட்டுமே. காலையில் வானிலையில் பலத்த பக்கவாட்டுக் காற்று என்றால் நாங்கள் 150-ஆகக் குறைப்போம், அல்லது கிளம்பாமலே இருப்போம். அதற்காகவே முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்கிறோம்; இரண்டாவது இடத்துக்குக் காலை பத்து மணிக்குத்தான் அழைக்கிறோம். பள்ளி விடுமுறையில் அப்படி இடம் கிடைக்காது, அப்போது ரத்து செய்ய முடிகிற இடமாகப் பாருங்கள். பதிவு செய்யும்போது, கேரவனைக் கழற்றாமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கமாக நேரே வெளியேறும் 'டிரைவ் த்ரூ' இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே இரவு தங்குபவர்களுக்கு அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் பார்க்குகள் நிறைய.