கடற்கொள்ளைக்கார நாயகியிடம் கேட்கக் கூடாத கேள்விகள்

நாவலைத் தொடங்குமுன் பாத்திரத்தை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கரீபியன் கடலில் கொள்ளையடிக்கும் ஒரு பெண் நாயகி என்றால், பெரும்பாலோர் கேட்பது இரண்டே கேள்விகள். சுதந்திரம் என்றால் உனக்கு என்ன? உன் காயங்கள் எப்படி ஆறின? இரண்டுக்கும் அவள் வசனம்தான் பேசுவாள். 'கடல்தான் என் வீடு' என்பாள். அதை வைத்து ஒரு காட்சிகூட எழுத முடியாது.

முதலில் ஆண்டு. அதைக் குறிக்காமல் பேட்டியைத் தொடங்குவதால் வரும் குழப்பம் கடைசி அத்தியாயம் வரை தீராது. 1717 செப்டம்பரில் பிரிட்டனின் முதலாம் ஜார்ஜ் மன்னர் கொள்ளையர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். 1718 செப்டம்பர் 5க்குள் சரணடைய வேண்டும் என்பது கெடு. அந்த ஜூலையிலேயே ஆளுநர் வுட்ஸ் ரோஜர்ஸ் கொள்ளையர்களின் கூடாரமாக இருந்த பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு வந்து இறங்கிவிட்டார். ஆகவே 1716இல் கப்பல் ஏறியவளும் 1720இல் ஏறியவளும் ஒருத்தியல்ல. பின்னவளிடம் கேட்க வேண்டியது: மன்னிப்புச் சீட்டு வாங்கினாயா? வாங்கியிருந்தால் இப்போது அது எங்கே?

அடுத்தது கப்பல். அக்காலக் கொள்ளைக் கப்பல் தலைவன் பார்த்தலோமியோ ராபர்ட்ஸின் கப்பல் விதிகளில், பெண்ணை மாறுவேடத்தில் ஏற்றி வருபவனுக்கு மரண தண்டனை என்று இருந்தது. இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்பதும் விதி. அவளை அந்த மாதிரிக் கப்பலில் வைத்துவிட்டு 'சுதந்திரமாக இருக்கிறாயா' என்று கேட்பது வீண். எந்த விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டாய், எதை வாசிக்காமல் போட்டாய், கொள்ளையில் உன் பங்கு எத்தனை என்று கேளுங்கள்.

சுதந்திரத்தைப் பற்றிக் கேட்பதில் நடக்கும் பெரிய தவறு, அதை அவளுடைய சொத்தாக மட்டும் பார்ப்பது. கொள்ளையர்களோடு மருத்துவராகக் கடலோடிய எக்ஸ்கெமெலின் 1678இல் வெளியிட்ட நூலில் ஓர் இழப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. வலது கை போனால் எட்டு ரியால் மதிப்புள்ள ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் 600, அல்லது ஆறு அடிமைகள். இடது கைக்கு 500 அல்லது ஐந்து பேர். வலது காலுக்கும் அதே 500. இடது காலுக்கு 400 அல்லது நான்கு பேர். ஒரு கண்ணுக்கு 100 அல்லது ஓர் அடிமை, விரலுக்கும் அவ்வளவே. இது உங்கள் கதைக்கு அரை நூற்றாண்டு முந்தைய பட்டியலாக இருக்கலாம். ஆனாலும் காயத்தையும் விடுதலையையும் ஒரே கணக்கில் எழுதிய தாள் இது. இதைப் படித்தபின் 'கொள்ளைக் கப்பல் என்றால் எல்லாருக்கும் விடுதலை' என்று எழுதக் கை வராது. 1722இல் ராபர்ட்ஸின் கப்பல்கள் பிடிபட்டபோதும், அவற்றில் இருந்த கறுப்பின ஆண்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றுங்கள்: 'உன் கண் போனது. வெள்ளி வாங்கினாயா, ஆள் வாங்கினாயா?' அவள் 'வெள்ளிதான்' என்று சட்டெனச் சொன்னால், அந்த வெள்ளி எந்தக் கப்பலின் சரக்கை விற்று வந்தது என்று அடுத்துக் கேளுங்கள். அவள் பேச்சை மாற்றும் இடத்தில் உங்களுக்கு ஒரு காட்சி கிடைக்கும்.

ஆண் உடையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தவறான இடத்தில் கேட்கிறார்கள். ஆன் போனி, மேரி ரீட் என்ற இரு பெண் கடற்கொள்ளையர்களின் வழக்கில் சாட்சி சொன்னவர்கள், இருவரும் வேறொரு கப்பலைத் துரத்தும்போது ஆண் உடையும் மற்ற வேளைகளில் பெண் உடையும் அணிந்ததாகச் சொன்னார்கள். எனவே 'எப்படி ஏமாற்றினாய்' என்பதை விட்டுவிட்டு, 'எந்த வேலைக்கு எந்த உடை' என்று கேட்டால் போதும்.

இனி காயம். மூன்றாம் அத்தியாயத்தில் தோளில் வெட்டு, நான்காம் அத்தியாயத்தில் பாய்மரக் கயிற்றில் ஏற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆழமான வெட்டு மேலே மூடிக்கொண்டாலும், மூன்று மாதம் கழித்தும் அந்தத் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் இருக்கும். மயக்க மருந்து கிடையாது. ஈதர் வந்தது 1846இல். கிருமி என்ற எண்ணமே இல்லாத காலம். சீழ் வைத்தால் புண் ஆறுகிறது என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். மருந்தோ அரிய பொருள். 1718 மே மாதம் அமெரிக்கக் கரையிலுள்ள சார்லஸ் டவுன் துறைமுகத்தை மறித்த கொள்ளையன் பிளாக்பியர்ட், பிணைக்கைதிகளுக்கு ஈடாகக் கேட்டது ஒரு மருந்துப்பெட்டி. 'உன்னை யார் குணப்படுத்தியது' என்பதைவிட 'யார் தைத்தது, யார் உன்னைப் பிடித்துக்கொண்டது, மருந்துப்பெட்டி எங்கிருந்து வந்தது' என்பவை வேலைக்கு ஆகும்.

ஆறிய புண் திரும்பத் திறக்குமா? திறக்கும். தழும்பைப் பிடித்துவைக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடல் இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் போனால் ஸ்கர்வி வந்து பழைய தழும்பு பிளக்கும். 1740இல் புறப்பட்ட ஆன்சன் என்ற பிரிட்டிஷ் தளபதியின் கடற்படைப் பயணத்தில், ஐம்பது ஆண்டுக்கு முன் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் காயம்பட்ட ஒருவரின் புண்கள் அப்படித் திறந்துகொண்டன. பழைய வேதனையைச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடைக்காது. அதனாலேயே கண்ட இடத்தில் போடாதீர்கள். தீவுக்குத் தீவு கரையேறும் சிறிய ஸ்லூப் கப்பலில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. ஸ்கர்வி வர, மாதக்கணக்கில் பச்சைக் காய்கனி இல்லாமல் இருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்கோ மடகாஸ்கருக்கோ போகும் நெடும்பயணத்தில் வைத்தால் பொருந்தும். காரணம் அவளுக்குத் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்விக்கு மருந்து தேடி 12 மாலுமிகளை வைத்துச் சோதித்ததே 1747இல்தான்.

மனக்காயத்துக்கு இன்றைய கவுன்சலிங் மொழியை அவள் வாயில் திணிக்க வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாய், எந்தச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறாய் என்று கேளுங்கள். மீதியை வாசகர் புரிந்துகொள்வார்.

கடைசியாக, கேட்பவர் யார் என்பதை மறந்துவிடுகிறோம். எழுத்தாளர் கேட்டால் அவள் எழுத்தாளருக்குப் பிடித்ததைச் சொல்வாள். பதினைந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளோ, நாளோ, ஆளோ இருக்கட்டும். அவற்றில் ஐந்தைப் பொறுக்கி, கப்பல் மருத்துவர் கேட்பதாக ஒருமுறை, புதிதாக ஏறிய பையன் கேட்பதாக ஒருமுறை, நீதிமன்ற எழுத்தர் கேட்பதாக ஒருமுறை எழுதுங்கள். 'வயிற்றில் பிள்ளை இருக்கிறதா?' என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1720 நவம்பரில் ஜமைக்காவில் தூக்குத் தண்டனை பெற்ற போனியும் ரீடும் கர்ப்பம் என்று சொன்னதால் தண்டனை தள்ளிவைக்கப்பட்டது, ரத்தாகவில்லை. ரீட் அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். எழுத்தரிடம் 'ஆம்' என்பது உயிர். கப்பலில் பையனிடம் அதையே சொன்னால் ஊர்வாயில் விழுந்த கதை. மருத்துவரிடம் அவள் பொய்யும் சொல்லலாம். மூன்று தாளிலும் ஒரே பதில் வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள்.