நாய்க்கடி ஊசி: எதிர்ப்பொருள் வருவதற்குள் நடக்கும் தவறுகள்

"ஒரு ஊசி போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்று நினைப்பதுதான் முதல் தவறு. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியில் இருப்பது செயலிழக்க வைத்த வைரஸ். அது உடலில் பெருகாது, நோயும் தராது. பெருகாததால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது: தோலுக்குள் என்றால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மி.லி.; தசையில் என்றால் 0, 3, 7, 14, 28.

ஊசி போட்டதும் டென்ட்ரைட்டிக் செல்கள் (உடலின் காவல் செல்கள்) அந்த வைரஸை விழுங்கி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. வைரஸின் மேலுறையிலுள்ள ஜி புரதத்தோடு பொருந்தும் பி செல்கள் (எதிர்ப்பொருள், அதாவது வைரஸை முடக்கும் புரதம், தயாரிப்பவை) அங்கே, டி செல்களின் உதவியோடு, பெருகுகின்றன. முதலில் ஐஜிஎம், பிறகு ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள் வரும். ரத்தத்தில் போதிய எதிர்ப்பொருள் சேர 7 முதல் 14 நாள் ஆகும். பிட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிவிடும், எதிர்ப்பொருளும் குறையும். பெரியவர்களுக்குத் தோள்தசை, சிறு குழந்தைகளுக்குத் தொடை.

எதிர்ப்பொருள் சேரும் அந்த 7 முதல் 14 நாள் இடைவெளியில் கடியிலிருந்து வந்த வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் பிறகு எதிர்ப்பொருளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கடிபட்ட உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். ரத்தம் வந்த கடியென்றால் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அது வெளியிலிருந்து தரும் ஆயத்த எதிர்ப்பொருள். காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 அலகு, குதிரை ரத்தத்திலிருந்து என்றால் 40. அறுபது கிலோ எடை என்றால் 1,200 அல்லது 2,400 அலகு. பயத்தில் கூடுதலாகப் போடச் சொல்லாதீர்கள். அளவு மீறினாலும், முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குப் பிறகு கொடுத்தாலும், உடல் தானே எதிர்ப்பொருள் தயாரிப்பதை அது தடுக்கும். தடுப்பூசி போட்ட இடத்திலும் அதைச் செலுத்தக் கூடாது.

ஒரு தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நாய் நலமாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்துவதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவர்களுக்கு எதிர்ப்பொருள் சரியாக உருவாகாமல் போகலாம். முதல் நாளே மருத்துவரிடம் சொன்னால், சிறு கீறலுக்குக்கூட இம்யூனோகுளோபுலின் தருவார்.

முழுத் தவணையும் போட்டவருக்கு அந்த வைரஸை அடையாளம் வைத்திருக்கும் நினைவு செல்கள் இருக்கும். மறுபடி கடிபட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. பழைய ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அப்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.