எக்ஸிபிஷனுக்கு கொலோசியம் மொடல் செய்யிறது எப்படி

கல்லடியில இரிக்கிற எங்கட மருமகன் பள்ளிக்கூட எக்ஸிபிஷனுக்கு ரோமர்ட கொலோசியம், அதான் சனம் சுத்திவர இருந்து சண்டை பாத்த பெரிய அரங்கு, செய்யணும் எண்டு வந்து நிண்டான். ரெண்டு தரம் செஞ்சம், சரிவந்த முறைய எழுதுறன், ஆருக்காவது உதவும்.

முதல் தரம் பெரிய கோப்பைய கவிட்டு வட்டமா வரைஞ்சிட்டம், அதுதான் பிழை. கொலோசியம் வட்டம் இல்ல, நீள்வட்டம். நீளம் 188 மீற்றர், அகலம் 156, உயரம் கிட்டத்தட்ட 48. 400 மடங்கு சின்னதாக்கினா 47, 39, 12 சென்ரிமீற்றர் வரும், மேசையில வைக்க அளவான சைஸ்.

மட்டைக்கு நடுவால ஒரு கோடு போட்டு, அதில ரெண்டு ஆணிய 26 சென்ரிமீற்றர் இடைவெளியில குத்துங்க. முடிச்சுக்கு கொஞ்சம் கூட விட்டு நூல வெட்டி, ரெண்டு ஆணிக்கும் நடுவில நூல்ட நீளம் சரியா 47 சென்ரிமீற்றர் நிக்கிற மாதிரி தளர்வா கட்டுங்க. பென்சிலால நூல இழுத்துப் பிடிச்சபடி சுத்தினா பாதி வரும், நூல மற்றப் பக்கம் மாத்தினா மிச்சப் பாதி. உள்ளுக்க சண்டை நடக்கிற தரைக்கும் இதே வேலைதான், ஆணி இடைவெளி 17, நூல் 21.

வெளிச்சுவருக்கு 136 சென்ரிமீற்றர் நீளத்தில மட்டைய ஒட்டி எடுங்க. கீழ்த்தட்டில 80 வளைவு, ஒண்டுக்கு 1.7 சென்ரிமீற்றர் வரும். அதில 76 வாசலுக்கு மேல ரோமன் இலக்கம் வெட்டியிருந்தாங்க, வடக்குப் பக்கத்தில சிலது இண்டைக்கும் தெரியும். பாக்க வந்த பெரிய சனத்த நெரிபடாம உள்ள எடுக்கத்தான் அந்த நம்பர், அதால மார்க்கரால கட்டாயம் எழுதுங்க.

மறுகா, முழுசா மூடிப் போடாதீங்க, கால்வாசிய திறந்து விடுங்க. வெளிச்சுவர எல்லாரும் படத்தில பாத்திருப்பாங்க, விசயம் உள்ளுக்கதான் இரிக்கு. கி.பி. 80இல ரோமப் பேரரசர் டைட்டஸ் திறந்து 100 நாள் விளையாட்டு நடத்தினாரு, அதுக்குப் பிறகு அடுத்த பேரரசர் டொமிஷியன் காலத்திலதான் தரைக்கு அடியில ரெண்டு தட்டு சுரங்கம் வந்தது. அடிமையள் சக்கரத்த சுத்தி கூட்டோட மிருகத்த மேல தூக்குவாங்க, தரையில ஒரு கதவு திறக்கும். இதுக்கு மொடலுக்கு அடியில 5 சென்ரிமீற்றர் உயரத்தில பெட்டி வைங்க, அளவுக்கு இது கூடத்தான், ஆனா இல்லாட்டி ஒண்டும் காட்டேலாது. தீப்பெட்டி உள்தட்டில நாலு மூலையிலயும் நூல் கட்டி மேல இழுத்தா லிப்ட் ரெடி. எங்கட பிளாஸ்ரிக் சிங்கம் மணலுக்குள்ளால எழும்பி வரக்க பாத்துக்கொண்டு நிண்ட சின்னப்பிள்ளையள் ஒண்டும் நகரல்ல.

தரையில கம் பூசி, கடற்கரை மணல கழுவிக் காயவச்சு தூவுங்க. இந்த சண்டைத் தரைக்கு சொல்ற அரீனா எண்ட சொல்லே லத்தீன்ல மணலுக்கு சொல்ற சொல்லுதான், ரத்தத்த உறிஞ்சத்தான் மணல் போட்டாங்க.

இருக்கைக்கு தட்டுத்தட்டா கலர் அடிங்க. முன்னுக்கு செனட்டர்மார் (ரோம் ஆட்சிச் சபை ஆக்கள்), பிறகு குதிரைப்படை வகுப்பு எண்டு சொல்ற அடுத்த நிலை பணக்காரர், பிறகு சாதாரண சனம், உச்சியில பொம்பிளையளும் ஏழையளும். நம்மட கூத்து வட்டக்களரியிலயும் சனம் சுத்திவரத்தான் இரிக்கும், ஆனா முந்தி வந்தவர் முன்னுக்கு பாய் போடுவாரு. இந்த வித்தியாசத்த பிள்ளை வாயால சொல்ல வைங்க, பாக்க வாற ஆக்களுக்கு டக்கெண்டு விளங்கும்.

வெயிலுக்கு மேல சீலைப்பந்தல் இழுத்தாங்க, அதுக்கு கடற்படை மாலுமியளத்தான் வச்சிருந்தாங்க. பழைய சாறன் துண்டும் ஈர்க்கும் போதும்.

விளக்க அட்டையில காலையில மிருக வேட்டை, மத்தியானம் மரண தண்டனை, பின்னேரம் கிளாடியேட்டர் (ஆயுதத்தோட மோதுற வீரர்) சண்டை எண்டு எழுதுங்க. சண்டை பிடிச்ச கனபேர் அடிமையளும் யுத்தக் கைதியளும், அதை விட்டுப்போட்டு வெறும் பொழுதுபோக்கு எண்டு எழுதிறது எனக்கு சரியாப் படல்ல. குதிரை வண்டி ஓட்டம் இங்க இல்ல, அது ரோமில இரிந்த சர்க்கஸ் மாக்சிமஸ் எண்ட ஓட்ட மைதானத்தில, அந்தப் பொம்மைய இதுக்குள்ள வச்சிராதீங்க.

ஆட்டோவில கொண்டு போகக்க சுவரையும் அடிப்பெட்டியையும் தனித்தனியா ஏத்துங்க, ஈர்க்க அங்க போய்க் குத்தினா போதும்.