நிறத்தை மறந்துவிட்டு வாலை வரையுங்கள்

"சார், பழுப்பு நிறம், மார்பில் கோடு, மஞ்சள் கண். இது என்ன பறவை?" என்று கேட்டுப் பழைய மாணவர்கள் கைப்பேசியில் பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் படம் அனுப்புவார்கள். பாளையங்கோட்டையில் 26 ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன் நான். பதிலுக்கு முன் அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். படத்தை அச்செடுத்து, மேலே பட்டர் பேப்பரை வைத்து, பென்சிலால் வெளிக்கோட்டை மட்டும் வரைய வேண்டும்.

மாலை வெயிலில் சாம்பல் நிறமும் செம்மை பூசிக்கொள்ளும். வெளிறிய வானத்தைப் பார்த்து எடுத்தால் எந்தப் பறவையும் கறுப்புதான். வாலின் விளிம்பை வெயில் மாற்றுவதில்லை. தாமிரபரணிக் கரையில் எடுத்த ஒரு பழுப்புப் பறவையைக் கரும்பருந்து என்று குறித்து வைத்திருந்தேன். வரைந்தபோது பென்சில் வால் நுனியில் வட்டமாக வளைந்து திரும்பியது. அது செம்பருந்தின் இளம்பறவை! கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும். ஆனால் வாலை விசிறியாக விரித்துவிட்டால் அந்தப் பிளவு மறைந்துவிடும். ஆகவே அடுத்தடுத்து எடுத்த நான்கைந்து படங்களையாவது வரையுங்கள்.

அடுத்து இறக்கை நுனி. அங்கே விரல்கள் போலப் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணுங்கள். வல்லூறுக்கு ஐந்து, தேன் பருந்துக்கு ஆறு. தேன் பருந்தின் தலை புறாவுக்கு இருப்பதுபோலச் சிறுத்து, கழுத்து நீண்டு தெரியும். அதன் உடல் நிறமோ பறவைக்குப் பறவை மாறும். அதை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம். விரல்களே தெரியாமல் நுனி கூராக முடிந்தால் பைரி (ஃபால்கன்) இனத்தில் தேடுங்கள்.

எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை மரக்கிளையில் அமர்ந்த வல்லூறு. கொல்லையில் கோழிக்குஞ்சைத் தூக்கும் அதே பறவைதான். அதனுடன் குழம்புவது அக்காக்குயில். சாம்பல் முதுகு, செம்மை கலந்த மார்பு, பட்டை போட்ட வால் எல்லாமே அப்படியே இருக்கும். அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள். வல்லூறின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே கொக்கியாக வளையும். குயிலுக்கு அது மெலிந்து, ஏறக்குறைய நேராக நீளும். குயிலின் கால்களும் இரையைக் கவ்வும் வேட்டைக்கால்கள் அல்ல.

வல்லூறுதான் என்று தெரிந்தால் வயதைப் பாருங்கள். மார்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருந்தால் வளர்ந்தது. ஆணுக்குக் கண் சிவந்திருக்கும். பழுப்புத் துளிகள் நெடுக்காக வழிந்தால் இளையது. மலைக்காட்டுப் படமென்றால் இங்கே பொறுமை வேண்டும், அங்கே வல்லூறைப் போலவே இருக்கும் பெஸ்ரா என்ற வேட்டைப் பறவையும் உண்டு. தொண்டையின் நடுவே இறங்கும் கோடு வல்லூறுக்கு மெல்லியது, பெஸ்ராவுக்குத் தடித்தது. வாலில் கரும்பட்டையும் வெளிர்பட்டையும் ஒரே அகலமாக இருந்தால் பெஸ்ராவை நினைக்கலாம். வல்லூறின் கரும்பட்டைகள் ஒடுங்கியவை.

உருவ அளவைப் படத்தில் ஊகிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு காகம் இருந்தால் சொல்லலாம். வல்லூறு சுமார் 30 செ.மீ., காகத்தைவிடச் சிறியது.

எனக்கு அனுப்பும்போது கத்தரிக்காத மூலப்படத்தை அனுப்புங்கள். ஊர், மாதம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். வயலுக்குமேல் தாழப் பறந்து, இறக்கைகளைச் சற்று உயர்த்தியபடி மிதந்தது என்று ஒரு வரி இருந்தால் பூனைப்பருந்து என்று பாதி தெரிந்துவிடும். அதுவும் குளிர்கால வலசைப் பறவை என்பதால் மாதம் முக்கியம். கூட்டருகே எடுத்த படத்தை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள். படத்துக்காகக் கூட்டை நெருங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

போன வாரம் களக்காட்டிலிருந்து ஓர் இளம்பறவையின் படம் வந்தது. தொண்டையை ஒரு இலை மறைத்திருந்தது, வால் மடங்கியிருந்தது. மூன்று முறை வரைந்து பார்த்தேன். "வல்லூறு அல்லது பெஸ்ரா" என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். எடுத்த பையன் சனிக்கிழமை மறுபடியும் அங்கே போகிறான்.