தகரக் கூரையின் கீழ் ஆறு நிமிடப் பாடம்

இலங்கை மலையகத்துப் பல வீடுகளில் போன் ஒன்றுதான். அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வந்த பிறகுதான் அது பிள்ளைகள் கைக்கு வரும்; அதிலும் அண்ணனுக்கும் தங்கைக்கும் பங்கு. ஆகவே ஆசிரியர்கள் போனில் பதிவுசெய்து அனுப்பும் பாட்காஸ்ட் பாடம், அதாவது ஒலிப் பாடம், ஆறு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஒரு பாடத்துக்கு ஒரு விஷயம் போதும்.

முழுவதையும் எழுதிவைத்து வாசிக்காதீர்கள். ஐந்தாறு குறிப்புகளை வைத்துக்கொண்டு வகுப்பில் பேசுவதுபோலவே பேசுங்கள். எடுத்த எடுப்பிலேயே கேள்வி வரட்டும். ஆவியாதல் பாடமா? "ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி எடை எங்கே போனது?" என்று கேளுங்கள். "நிறுத்திவிட்டு விடையைக் கொப்பியில் எழுதுங்கள்" என்று சொல்லி, ஐந்து விநாடி பேசாமல் இருங்கள்.

பெரிய எதிரி மழை. தகரத்தில் விழும் மழைச் சத்தம் குரலின் எல்லாச் சுரங்களோடும் கலந்துவிடும். மென்பொருளால் அதை எடுக்கப்போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். மழை விடும்வரை பொறுப்பதே நல்லது. வெறும் சுவர் எதிரொலிக்கும். முன்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். முதல் மூன்று விநாடி மௌனம். ஒலியைத் திருத்தும் ஓடாசிட்டி மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த மௌனம்தான் மாதிரியாக உதவும். மௌனத்தைத் தானாகச் சுருக்கும் வசதியை மட்டும் தொடாதீர்கள், பிள்ளைகள் யோசிக்க விட்ட ஐந்து விநாடியும் போய்விடும்.

மோனோ (ஒற்றை ஒலித்தடம்), 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்), எம்பி3 எனச் சேமித்தால் ஆறு நிமிடம் 3 எம்பிக்குள் அடங்கும். சுருக்காத ஸ்டீரியோ வேவ் கோப்பென்றால் 60 எம்பியைத் தாண்டும். டேட்டா கார்ட் போடுகிற வீட்டுக்கு அது பெரிய செலவு.

வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் பரீட்சை நேரத்தில் தேடி எடுக்க முடியாது. 'தரம்8_விஞ்ஞானம்_ஆவியாதல்_01' என்று பெயரிட்டு டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். குழுவில் ஒருவர் இலக்கம் எல்லோருக்கும் தெரியும். மாணவிகளை நினைத்தாவது இதை அலட்சியம் செய்யாதீர்கள். வட்ஸ்அப் சேனலில் அந்தத் தொல்லை இல்லை, ஒருவர் இலக்கத்தை மற்றவர் பார்க்க முடியாது. யூடியூபிலோ ஸ்பொட்டிஃபையிலோ ஏற்றும் பாடத்தில் பிள்ளையின் பெயரும் முகமும் வேண்டாம். குரல் வருமானால் பெற்றோரிடமும் அதிபரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

போனே இல்லாத பிள்ளைகளுக்காக மறுநாள் காலை, பாடம் தொடங்குமுன் சின்ன ஸ்பீக்கரில் ஒருமுறை போடுங்கள். அதே கேள்வியைக் கரும்பலகையிலும் எழுதிவையுங்கள்.