45.6 எப்படி 45.70-இடம் தோற்றது?

பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் பயிற்சிக்கு வரும் பையன் ஒருவன் கேட்டான்: "சார், 400 மீட்டரில் மில்கா சிங் ரோம் ஒலிம்பிக்கில் 45.6 வினாடி. பரம்ஜித் சிங் 1998இல் 45.70. இதில் இந்திய ரெக்கார்டு எங்கே உடைஞ்சுது?" பள்ளிப் போட்டிகளில் பல வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் நான். உட்கார வைத்துச் சொன்னேன்.

முதலில் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்று பார். பழைய கணக்கில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது கையால் எடுத்த நேரம். துப்பாக்கிப் புகை தெரிந்ததும் வாட்சை அமுக்க வேண்டும், சத்தம் கேட்டு அல்ல. நூறு மீட்டர் தாண்டிச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். முதல் நாளே நான் சத்தத்துக்கு அமுக்கினேன். என் வாட்சில் 11.0, மற்ற இரண்டிலும் 11.3. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம், மூன்றும் வேறானால் நடுவில் உள்ளது. என்னுடையது குப்பைக்குப் போனது. வாங்கிய திட்டு தனி.

புகையைப் பார்த்து விரல் அமுங்கக் கொஞ்சம் தாமதமாகும். ஓடி வருபவனுக்கோ கட்டைவிரல் தயாராகக் காத்திருக்கும். அதனால் கை நேரம் எப்போதும் சற்றுக் குறைவாகவே விழும். மின்கருவி தானாக எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 கூட்டு, 400க்கு 0.14. மில்காவின் 45.6 அப்போது 45.74 ஆகிறது. 1960 ரோமில் மின்கருவியும் ஓடியது. அதில் பதிவானது 45.73! பரம்ஜித் முந்தியது வெறும் 0.03 வினாடி.

அப்புறம் கஜம். 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் மில்கா தங்கம் வென்ற 46.6 நேரம் 440 கஜத்துக்கு, அதாவது 402.34 மீட்டருக்கு. அந்தக் கூடுதல் தூரத்துக்கு 0.3 கழித்துவிட்டுத்தான் 0.14 கூட்ட வேண்டும். 1951 டெல்லி ஆசியப் போட்டியில் லேவி பின்டோ 100, 200 ஓட்டங்களில் வென்ற 10.8, 22.0 இரண்டும் மீட்டர்தான், கழிக்க வேண்டாம்.

தடத்துக்கு மட்டும் கணக்குப் போடாதே. அவர்கள் ஓடியது கரித்தூள் தடம். ஒலிம்பிக்கில் செயற்கைத் தடம் வந்ததே 1968 மெக்சிகோவில்தான். அதற்கு வாய்பாடு கிடையாது. யார் பின்னால் யார் வந்தார் என்று பார். கார்டிஃபில் மில்காவிடம் தோற்ற மால்கம் ஸ்பென்ஸ்தான் ரோமில் 45.5 ஓடி வெண்கலத்தைத் தட்டிப் போனார்.

பையன் மறுநாள் அப்பாவின் பழைய சர்டிஃபிகேட்டோடு வந்தான். 100 மீட்டர், 11.4. இவனுடையது மின்கருவியில் 11.52. "அப்பாதானே வேகம்?" என்றான். கூட்டிப் பார் என்றேன்.